ஆளையும் சேர்த்து நிறுங்க

எர்மினியோ, இரும்புக்கடை தோன் பாசிலியோவுக்கு நாலாயிரத்து அறுநூறு லெம்பிரா கடன்பட்டிருந்தான். கலியாணத்துக்கோ குடிக்கோ வாங்கிய கடன் இல்லை. ஒரு சின்ன செயின் ரம்பத்துக்கு. இரண்டு அறுவடைக் காலம் காப்பிப் பழம் பறித்துச் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறை முன்பணமாகக் கொடுத்திருந்தான். மீதி இந்த நாலாயிரத்து அறுநூறை ஜூன் இருபத்துநாலில் வரும் சான் ஹுவான் திருநாளுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் ரம்பம் கடைக்குத் திரும்பிவிடும், முன்பணமும் போய்விடும்.

கடன் எல்லோருக்கும் உண்டு, அதற்காக யாரும் சிரிக்கவில்லை. அவன் எடுத்த மெஷினைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

மார்காலா மலைப்பக்கத்தில் ஒரு காப்பி மூட்டை நூறு ராத்தல். எர்மினியோ நூற்று நாலு. அதனால் அவனுக்கு அங்கே பெயரே மூட்டை. கடையில் இரண்டு சின்ன ரம்பங்கள் இருந்தன. மஞ்சள் நிறத்தது ஆறு ராத்தல் என்று காகிதத்தில் போட்டிருந்தது. மரமேறிகள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். சாம்பல் நிறத்தது எட்டரை. ஊரிலேயே எடை குறைந்தவன் எடை கூடியதை எடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எர்மினியோவின் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் அன்று கடை முற்றத்தில் அவன் போட்ட கணக்கை அந்த மலையில் கல்லூரிக்குப் போனவன்கூடப் போட்டதில்லை. இதைச் சொல்வதற்கு எதற்குக் கூச்சம்?

"காகிதத்துல இருக்கிறது வெறும் எடை, தோன் பாசிலியோ" என்றான். "சங்கிலி ஓடுற பட்டை இல்ல, சங்கிலி இல்ல, பெட்ரோல் இல்ல. வெறும் வயித்தோட நின்ன ஆளை நிறுத்த மாதிரி. எல்லாத்தையும் மாட்டி, ரொப்பிக் குடுங்க."

"வாங்கறதே கடனுக்கு. இதுல பெட்ரோலும் நான் ஊத்தணுமா?"

"ஊத்துங்க. அந்தக் காசையும் எழுதிக்குங்க."

கொக்கித் தராசில் தொங்கவிட்டபோது மஞ்சள் எட்டரை ராத்தல் காட்டியது, சாம்பல் பதினொன்றரை. பிறகு தொடை கனமுள்ள ஒரே குவாமா மரக்கட்டையை இரண்டாலும் அறுத்து, வாயால் எண்ணினான். மஞ்சளுக்கு நாற்பது எண்ண வேண்டியிருந்தது. சாம்பல் பதினாறிலேயே முடித்துவிட்டது.

"எட்டரையை நாப்பது வரைக்கும் தூக்கிப் பிடிக்கணும். பதினொண்ணரையைப் பதினாறு வரைக்கும் பிடிச்சாப் போதும்" என்றான். "இப்பச் சொல்லுங்க, எது கனம்?"

தோன் பாசிலியோ கடன் சீட்டை எடுத்து எழுதினார்.

கணக்கு சரிதான். ஆனால் வேலை கொடுக்க ஆள் வேண்டுமே. மார்ச் போயிற்று, ஏப்ரலும் போயிற்று. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், "அந்த மெஷின் உன்னைத் தூக்குமா, நீ அதைத் தூக்குவியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ரம்பம் கட்டிலடியில் சாக்குக்குள் கிடந்தது. அவன் மனைவி தெலாய்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவனுக்கு அதிகம் உறுத்தியது.

மே முதல் வாரம் தோன்யா எர்சிலியாவின் தோட்டத்துக்குப் போனான். மழைக்கு முன் நிழலுக்கு நட்ட நூற்று நாற்பது குவாமா மரங்களைக் கிளை கழித்து, கீழே காப்பிக்கு வெளிச்சம் விடவேண்டும். மரத்துக்கு நாற்பத்தைந்து லெம்பிரா. வேலை வென்செஸ்லாவோவிடம் போயிருந்தது. மஞ்சள் ரம்பத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் களத்தில் நின்றான். மாடு மாதிரி ஆள், மனசில் கள்ளம் இல்லாதவன், வாய் மட்டும் நீளம்.

"டேய் மூட்டை, வா வா. உன்னைத் தூக்கி வண்டியில ஏத்தணுமா?"

"ஏத்துடா. உன்னை ஏத்தத்தான் வண்டி கிடைக்காது."

தோன்யா எர்சிலியா கூடையில் இருந்த தமால் என்ற சோளக் கொழுக்கட்டை ஒன்றை இலை உரித்துக்கொண்டே, "உனக்கு வேலை இல்லப்பா. இவன் மெஷின் லேசு. மேல ஏறுறவனுக்கு அதுதானே வேணும்?" என்றாள்.

எர்மினியோவின் வாயில் அப்போது வந்த வார்த்தை முன்கூட்டி யோசித்தது இல்லை. களத்து ஓரத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

"மெஷினை மட்டும் ஏன் நிறுக்கிறீங்க, தோன்யா? கிளைமேல நிக்கிறது மெஷினா? ஆளையும் சேர்த்து நிறுங்க."

அவள் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். நாற்பது வருஷம் தராசு முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவள். "ஏறுங்கடா ரெண்டு பேரும்" என்றாள்.

வென்செஸ்லாவோ ரம்பத்தோடு ஏறினான். இருநூற்று ஐந்து. எர்மினியோ ஏறினான். நூற்றுப் பதினாறுகூட வரவில்லை.

"பண்டிகைக்கு இந்த மாட்டை அறுத்திருந்தா ஊருக்கே சோறு ஆகியிருக்கும்" என்றாள் தோன்யா எர்சிலியா. வென்செஸ்லாவோவும் சேர்ந்து சிரித்தான்.

"தராசு மரம் ஏறாது" என்று அவளே தொடர்ந்தாள். "ஏறிக் காட்டுங்க. மேட்டுல, இளங் காப்பிக் கன்னுக்கு மேல நிக்கிற ரெண்டு மரம். யார் அதிகம் கன்னை உடைக்கிறானோ அவன் வீட்டுக்குப் போகலாம்."

முதலில் வென்செஸ்லாவோ. குவாமாக் கிளை நம்ப முடியாதது. நுனிப்பக்கம் போகப் போக முறுக்கு மாதிரி ஒடியும். அவன் இரண்டடி நகர்ந்ததும் கிளை முனகியது. பின்வாங்கி, கவட்டிலேயே நின்று அடிக்கிளையில் ரம்பத்தை வைத்தான். மெஷின் மெல்ல மெல்லத் தின்றது. பாதி தின்பதற்குள் கிளை தன் பாரத்தில் தானே சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு, இலையும் கொப்புமாக மொத்தமாய் விழுந்தது. ஏழு கன்றுகள் அடியில் போயின.

எர்மினியோ ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறவில்லை. கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையில் ரம்பத்தைத் தொங்கவிட்டான். கிளையில் ஊர்ந்து நுனிவரை போனபின் இழுத்து எடுத்தான். ரம்பத்தின் கனத்தைத் தன் கைக்குக் கொடுக்காமல் கிளைமேலேயே சாய்த்து வைத்தான். ஒரு உறுமல், ஒரு துண்டு. கை நீளத் துண்டுகளாக, கன்று வரிசைகளுக்கு நடுவே இடம் பார்த்துப் போட்டான். மூன்றாவது கிளையில் வலது தோள் நடுங்கத் தொடங்கியது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று மூக்கைச் சொறிவதுபோல நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அறுத்தான். அப்படி நின்ற அவசரத்தில் ஒரு துண்டு தப்பி விழுந்தது. இரண்டு கன்றுகள் ஒடிந்தன.

இறங்கியதும் தோன்யா எர்சிலியா குனிந்து எண்ணினாள். "ஏழு. ரெண்டு" என்றாள். பிறகு உரிந்த பட்டையைத் தடவிப் பார்த்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் எர்மினியோவுக்கு சான் ஹுவானுக்குள் கடனை அடைக்க வேறு வழியே இல்லை.

"மேட்டு மரம் தொண்ணூறும் மூட்டைக்கு. ரோட்டோரக் குட்டை மரம் அம்பதும் வென்செக்கு. அவனை வீட்டுக்கு அனுப்புனா என் விறகை யாரு தூக்குறது?"

வென்செஸ்லாவோ எர்மினியோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்; இன்னொருவனாக இருந்தால் விழுந்திருப்பான். "நீ மூட்டை இல்லடா, இரும்புக்கம்பி" என்றான்.

ஐந்து வாரத்தில் தொண்ணூறு மரம் முடிந்தது. பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். பெட்ரோலும் சங்கிலியும் போக, தெலாய்தா மாவு டப்பாவுக்குள் பணத்தைச் சேர்த்தாள். அந்த மலையில் உயர மரம் கழிப்பது என்றால் இன்றைக்கும் எர்மினியோவுக்குப் பிறகுதான் மற்றவன்.

சான் ஹுவானுக்கு முந்தின நாள் காலை இரும்புக்கடைக்குப் போனான். வென்செஸ்லாவோ அங்கே சாம்பல் ரம்பத்தைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேண்டாம்டா அது" என்றான் எர்மினியோ. "முதல்ல நாப்பது ராத்தல் இளைச்சுட்டு வா."

"சீட்டை எடுக்கட்டுமா, இல்ல தவணை கேக்க வந்தியா?" என்றார் தோன் பாசிலியோ.

"கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். மாவு ஒட்டிய நோட்டுகளை எர்மினியோ ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தான். அவசரப்படாமல், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிக்கொண்டே வைத்தான். நாலாயிரத்தைத் தாண்டியதும் அவர், "போதும்ப்பா, நம்புறேன்" என்று விரல்களை மடக்கப் போனார்.

"மடக்காதீங்க" என்றான். "நாலாயிரத்து நானூறு. ஐந்நூறு. அறுநூறு."