ஸ்பிரிங் தராசில் வைத்த சந்தனப் பொட்டு

நூல் சோதனை அறைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக ஒரே முள்ளைப் பார்த்துக் கண் சலித்துவிட்டது. ஆனாலும் இதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

1. ஒப்பித்த பாடம்

"ஸ்பிரிங்னா என்னான்னு தெரியுமாம்மா?" என்று முதல் நாளே கேட்டார் கோவிந்தசாமி மேஸ்திரி. பக்கத்தில் மில்லின் பிரெஞ்சுக்கார மேலாளர் நின்றிருந்தார். அவரை எல்லோரும் முசியே என்போம்.

பாரம் மாட்டினால் நீளும், எடுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும், எல்லை மீறி இழுத்தால் திரும்பாது என்று கன்னியர் பள்ளியில் படித்ததைப் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒப்பித்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கற்றவள் நான் ஒருத்திதான். முசியே தலையாட்டியதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வேலை இதுதான். வளையமாகச் சுற்றிய நூல் சிட்டத்தை இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மேல்கொக்கி ஸ்பிரிங்கை இழுக்கும். கண்ணாடி மூடிய, எண்கள் போட்ட வட்டத் தட்டில் முள் ஏறும். எத்தனை கிலோவில் நூல் அறுகிறதோ அதை எழுத வேண்டும்.

2. ஆயுத பூசை

பூசையன்று மில் ஓடாது. பொட்டு வைத்த இயந்திரத்தை யாரும் தொடமாட்டார்கள். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், கழுவித் துடைத்த கையோடு, மேல்கொக்கியில் தொங்கி எடை பார்ப்பது மேஸ்திரிமார்களின் வழக்கம்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு, என் எடைய எழுது!" என்று கோவிந்தசாமி காலைத் தூக்கினார். முள் நாற்பதைத் தாண்டி, கடைசி ஆணியில் போய் மோதியது.

"தட்டுல உங்களுக்கு இடமில்ல மேஸ்திரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் தட்டின் கண்ணாடி மேல், அடியில், சுழியம் முதல் நான்கு வரை எண்களும் முள்ளின் நுனியும் மறையும்படி பெரிய சந்தனப் பொட்டு வைத்தார்கள். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானே உதிர வேண்டும். கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணான நான் துடைத்தால் வம்பு வேறு. விட்டுவிட்டேன்.

3. அந்தோணியம்மாவின் கை

மூன்று வாரம் கழித்து சிட்டம் சுற்றும் பகுதியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அதிகமாக அறுந்தது ரெட்டியார்பாளையத்து அந்தோணியம்மாவிடம். முசியே என்னிடம் அறிக்கை கேட்டார். "நூல் உறுதி. குறை கையில்" என்று எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமையோடு அவள் நின்றுகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு சிட்டத்தோடு என் அறைக்குள் வந்தாள்.

"பதினோரு வருசமா சுத்துறேன். என் கை முரடுன்னு எழுதினியாமே? நீ மெத்துனு இருக்கிற கையால இழுத்துப் பாரு."

ஓர் இழையை இழுத்தேன். சட்டென்று அறுந்தது. இன்னொன்றும் அப்படியே.

ஐந்து கிலோ இரும்புக் குண்டைக் கொக்கியில் மாட்டினேன். முள் எட்டு காட்டியது. குண்டை எடுத்துவிட்டு, காய்ந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தேன். வெறும் கொக்கியிலேயே முள் மூன்றில் நின்றது. மூன்று வாரமாக எல்லா நூலுக்கும் மூன்று கிலோ கூட்டி எழுதியிருக்கிறேன்.

மேஸ்திரி ஓடி வந்தார். "நான் தொங்கினத சொல்லிடாத தாயி."

"நான் சிரிச்சதையும் சேர்த்துத்தான் சொல்லணும் மேஸ்திரி."

முசியே முழுவதும் கேட்டார். "முதல் நாள் நீ ஒப்பித்த பாடம்தானே இது?" என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டார். எட்டு மாதம் என்னைப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்; அதன் பிறகே இந்த அறைக்குத் திரும்பினேன்.

அந்தோணியம்மா வேலையில் நீடித்தாள். நன்றி சொல்லவில்லை. "எழுதினத மொதல்ல அடி" என்றாள். முசியேயிடம் அறிக்கையை வாங்கி அவள் கண்முன்னே கோடு போட்டு அடித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கோட்டுக்கு அடியில் எழுத்துத் தெரிகிறது என்று காட்டினாள். கறுப்பாகும்வரை அடித்தேன்.

பெண்களே, காலையில் நூலைத் தொடுமுன் வெறும் கொக்கியில் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐந்து கிலோ குண்டை மாட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பேனாவை எடுங்கள்.