பஞ்சு மாமாவின் மூக்கு

அப்பாவுக்கு வாசனை தெரியாது என்பதை அவர் இறந்த ஒன்பதாம் நாள் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷமாகவே தெரியாதாம்.

பெயர் பஞ்சாபகேசன். கல்கத்தாத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்கு முப்பத்தைந்து வருஷம் சமைத்தவர். நைவேத்யம் ஆகுமுன் நாக்கில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். அதனால் எதையும் ருசி பார்க்க மாட்டார். அண்டாவின் மேல் குனிந்து ஒருமுறை மூச்சை இழுப்பார். "போதும், எறக்கு." அதைப் பார்க்கவே ஜனங்கள் சமையலறை வாசலில் வந்து நிற்பார்கள்.

காளிகாட் ஜெயலக்ஷ்மி மாமி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏன் பஞ்சு, உப்பு பாத்தியோ?"

"பாக்கறதுக்கு அதென்ன சினிமாவா மாமி?"

2021இல் எங்கள் இருவருக்கும் கொரோனா வந்தது. பத்து நாளில் எனக்கு வாசனை திரும்பிவிட்டது. அவரிடம் கேட்டேன். "எனக்குப் போகவே இல்லையே" என்றார்.

அடுத்த மாதம், "ஸ்மிதா, ஒரு கிராம் காட்டற தராசு வாங்கிக் குடு" என்றார்.

"என் அளவுக் கரண்டியப் பாத்து சிரிச்சியேப்பா?"

"உன் கட்சில சேந்துட்டேன், போ."

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆபீசில்கூடச் சொன்னேன். நான் கருவிகளின் அளவு சரிதானா என்று சோதிக்கும் இஞ்சினியர். சந்தேகமான கருவிக்குப் பக்கத்தில்தான் ஒப்பிட இன்னொன்றை வைப்போம். அப்பாவின் மூக்கைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் மாரடைப்பு. ஒன்பதாம் நாள் எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்கு நரேன் வந்தார். இருபது வருஷம் அப்பாவோடு வேலை செய்த வங்காளி. தமிழைச் சமையலறையில் கற்றவர். அவருக்கு அப்பா 'தாதா', அண்ணன்; நான் 'தீதி', அக்கா.

"தீதி, தாதாவுக்கு மூக்கு போயிடுத்து. சும்மா குனிவார். நான் பக்கத்துல நின்னு இருமினா ஆச்சுன்னு அர்த்தம். எல்லாரும் எனக்கு ஆஸ்துமான்னு நெனச்சா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"டாக்டர் டாக்டரா இழுத்துண்டு போவேளாம். 'சரியாகலேன்னா அவ ஒடஞ்சு போயிடுவா நரேன்'னார்."

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலையிலிருந்து வந்ததும் எனக்குப் பரிமாறுவார். பரிமாறிவிட்டு உள்ளே போக மாட்டார். எதிரில் நின்று என் முகத்தையே பார்ப்பார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லே. சாப்பிடு."

வீட்டில் இருமிக் காட்ட யாரும் இல்லை. அன்றைய ரசம் எப்படி வந்திருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள என் முகம் ஒன்றுதான் இருந்தது.

நான் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.