பதினாலாம் தேதியின் வட்டம்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். வட்டமிட்ட நாளில் அப்பா தீயணைப்பு நிலையத்தில் இருப்பார். காலை எட்டு மணிக்குப் போனால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். வட்டமில்லாத நாளில் வீட்டில் இருப்பார், அதிலும் பாதி நாள் தூங்குவார். அவர் தூங்கும்போது மிக்சி ஓடாது, நானும் அம்மாவும் கிசுகிசுத்துத்தான் பேசுவோம். கறிக்குழம்பு, டாக்டர், பள்ளிக்கூடத்துக் கூட்டம் எல்லாவற்றையும் அம்மா அந்த வட்டங்களுக்கு நடுவே செருகிவிடுவாள். இதற்காக நான் அவரைக் குறை சொன்னதே இல்லை. எங்கப்பா தீயை அணைக்கிறவர் என்று பள்ளியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கல்தான் என்னை அழ வைக்கும். புதுக் காலண்டர் வந்ததும் விரல்விட்டு எண்ணுவேன். ஜனவரி முதல் தேதி ட்யூட்டி என்றால் பதினாலாம் தேதி ஓய்வு. கணக்கு அப்படிச் சரியாக வந்த வருஷங்களிலும், நாலு நாள் முன்னால் அப்பா பென்சிலோடு வந்து நிற்பார். "ஆபீசர் மாத்திட்டாரும்மா, நான் இன்னா பண்றது?" என்று பதினாலைச் சுற்றி வட்டம் போடுவார். முகம் தெரியாத அந்த ஆபீசரை நானும் அம்மாவும் வாயாரச் சபித்தோம். அந்தாளு கை விளங்காமல் போகட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், பாவம். அம்மா நோயில் படுத்த வருஷம் அவளே எண்ணிப் பார்த்தாள். இந்த வாட்டி இருப்பாருடி என்றாள். அந்த வருஷமும் வட்டம் விழுந்தது. அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற அன்று நிலையத்தில் சின்ன விழா வைத்தார்கள். மலைமேல் இருக்கும் கரியாலூரைச் சேர்ந்த இளம் வீரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "அண்ணன் வருஷா வருஷம் அவரே கேட்டு எங்க பொங்கல் ட்யூட்டிய வாங்கிப்பாருங்க. நாங்க மலைக்குப் போயி புள்ளைங்களோட பொங்க வச்சோம்னா அது அவராலதாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மாலையைக் கழற்றக்கூட விடாமல் கேட்டேன். அவுங்க எல்லாம் சின்னப் புள்ளைங்கள வச்சிக்கினு இருக்கறவங்கம்மா என்றார். அப்போ நானும் சின்னப் புள்ளதானே என்றேன்.

"நீங்கதான் பழகிட்டீங்களே" என்றார்.

நல்ல மனுஷர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த நல்லதனத்தை எங்கள் பங்கிலிருந்தல்லவா எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மாவே சரி போய்ட்டு வாங்க என்றிருப்பாள். சாகக் கிடந்தவளிடமும் பொய் சொன்னாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் நர்ஸ். எனக்கும் ஷிப்ட்தான். போன மார்கழியில் அப்பா எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறி, புதுக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மேசைமேல் விரித்து, பதினாலாம் தேதியில் விரலை வைத்தார். இந்த வருஷம் ரெண்டு பேரும் நம்ம வூட்டுல பொங்க வைக்கலாமா என்று கேட்டார். அன்று எனக்கு ஓய்வு நாள். பக்கத்தில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"ட்யூட்டிய மாத்திட்டாங்கப்பா, நான் இன்னா பண்றது?" என்றேன்.

அப்பா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் மாத்தினது என்று அவர் கேட்கவில்லை.