வராத ஓடிபி

பழைய சாமான் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பத் தெரியாது. காரைக்குடியில் எங்கள் கடைக்கு விற்க வரும் குத்துவிளக்குகளில் பாதி போன மாதம் வார்த்தவை. களிம்பு மட்டும் நூறு வருஷத்துப் பழசு போல இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணால்தான், "வாங்கக்கா, உக்காருங்க" என்று சிரித்த அந்தச் சென்னைப் பெண்ணையும் பார்த்தேன்.

நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்வி நிலையத்தின் மாணவர் போர்ட்டலைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். அதற்கு முன், படிக்கிறவர்கள் அதில் எங்கே திண்டாடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்க அவளை எங்கள் ஊர்ப் படிப்பு மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். "நாங்க உங்களச் சோதிக்கலக்கா, போர்ட்டலத்தான் சோதிக்கிறோம். மனசுல தோணுறதச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றாள். டீயும் பிஸ்கட்டும் வேறு. சும்மா யாராவது பிஸ்கட் கொடுப்பார்களா? கம்ப்யூட்டர் தெரியாத நாற்பது வயதுக்காரிகளைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

ஆனாலும் போனேன் என்றால், கோபம்தான் காரணம். முந்தைய வருஷம் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் போர்ட்டலுக்குள் நுழையவே முடியாமல் ஒரு வருஷம் பாழானது. இந்த வருஷத்துக்கு அன்றுதான் கடைசி நாள். இதையும் விட்டால் படிப்புக்கான காலம் முடிந்து என் பெயரையே எடுத்துவிடுவார்கள்.

"உங்க போர்ட்டல் ஓடிபி அனுப்பவே மாட்டேங்குது" என்று அவளிடம் கொட்டினேன்.

அவள் மறுத்துப் பேசவில்லை. "எப்பவும் செய்யுற மாதிரியே இப்பச் செய்யுங்கக்கா" என்றாள்.

பட்டனை அழுத்திவிட்டு வழக்கம்போலக் கடை லேண்ட்லைனுக்கு அடித்தேன். சேரும்போது விண்ணப்பத்தை நிரப்பியவர் என் வீட்டுக்காரர். தன் செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தார். ஓடிபி அந்தச் செல்லுக்குப் போகும், அவர் பார்த்துச் சொல்வார். அதில் ஒரு குறை இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. அந்தப் பெண் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஓடிபி வந்துருக்கான்னு பாத்துச் சொல்லுறீகளா?"

"ஒண்ணும் வரலையே."

மறுபடி அழுத்தினேன். ஸ்பீக்கரில் ஒரு கிளி கத்தியது. அவர் செல்போனுக்கு மெசேஜ் வந்தால் கத்துகிற கிளி. அவரே ஆசைப்பட்டு வைத்த சத்தம்.

"இப்பப் பாருங்க."

"இல்லையே. டவர் இல்ல போலருக்கு."

ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று இன்னொரு தடவை அழுத்தினேன். கிளி மறுபடியும் கத்தியது.

"வரலைங்கிறேன்ல? அந்தப் போர்ட்டலே அப்படித்தான். விட்டுட்டு வீட்டுக்கு வா" என்று வைத்துவிட்டார்.

நான் அழுத்தும்போதெல்லாம் கிளி கத்துகிறது, அவர் வரவில்லை என்கிறார். போன வருஷமும் இதே பேச்சுதான். அன்று பிரவுசிங் சென்டர் இரைச்சலில் நின்று பேசியதால் கிளி என் காதில் விழவில்லை போலிருக்கிறது. "எம்.ஏ. முடிச்சா இவ வேலைக்குப் போயிருவா, கடைய யாரு பாக்குறது?" என்று சொந்தக்காரர்களிடம் அவர் சொன்னதெல்லாம் கேலி என்றுதான் இருந்தேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "நம்பர மாத்திரலாம்க்கா" என்றாள். மாற்றுகிற இடத்தைத் தேடிப் பிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அது, பழைய நம்பருக்கு வரும் ஓடிபியைக் கேட்டது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "முதல்ல இதத்தான் திருத்தணும்" என்று சொல்லி, என்னை மைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்தவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"பரீட்சை எழுதப் போறது அவுகளா, நானா?" என்றேன்.

மாற்றிக் கொடுத்தார். முதல் முறையாக ஓடிபி என் போனுக்கே வந்தது. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, வீட்டுக்காரர்தான். அடிக்கட்டும் என்று விட்டு, விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகே எடுத்தேன்.

"நம்பர் மாத்தியிருக்குன்னு எனக்கு மெசேஜ் வந்துருக்கு. நீயா மாத்துன?"

"இது மட்டும் வந்துருச்சாக்கும்?" என்றேன்.