சின்னம்மாவின் தமிழைத் தெலுங்கில் சொல்லத் திருப்பதி போன மூன்று நாள்

திருப்பதி போய்வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தரிசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நாங்கள் மலைக்கே போகவில்லை. குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்தர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே மூன்று நாள் பயிற்சி நடக்கிறது. அதற்காகப் போனோம். எங்கள் சாந்திபுரம் பக்கத்திலிருந்து இப்போது பெண்களும் தேர்வாகிறார்கள், அவர்களுக்கு வழியும் செலவும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அங்கே நடந்த ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். அதில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

போனது சென்ற ஐப்பசியில், அடைமழையில். மத்தியஸ்தர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. மகளிர் சங்கத்திலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்து மண்டல மத்தியஸ்த மையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னம்மாவுக்குச் சந்தைத் தெலுங்கு நன்றாக வரும், வகுப்பில் பேசும் தெலுங்கு புரியாது. நான் ஐந்தாவது வரை தமிழிலும் ஒன்பதாவது வரை தெலுங்கிலும் படித்துவிட்டு நின்றவள். பக்கத்து ஊரான குப்பத்தில் ஒரு நெட் சென்டரில் டைப் அடிக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்குக்கூட முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேன், ஸ்கிரீனைப் பார்த்துத்தான் சொல்வேன்.

"உன் பேச்ச பேசச் சொன்னாதான வெக்கம். என் பேச்ச சொல்றதுக்கு இன்னா?" என்று சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்போது சின்னம்மா கையில் இருந்த வழக்குகளில் ஒன்று என் அக்கா சுமதியுடையது. அக்காவின் புருஷன் குவைத்தில் டிரைவர். அவர் இல்லாத வீட்டில் மாமனார் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் என்று அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். திரும்பி வா, இல்லையென்றால் குழந்தையைக் கொடு என்பது அவர்கள் பேச்சு. அடுத்த வாரம் மையத்தில் இரண்டு பக்கமும் உட்காருவதாக இருந்தது. "நீ உக்கார்றதுனாலதான் நான் வரேன் சின்னம்மா. அந்த ஊட்டுக்கு மட்டும் என்ன அனுப்பிடாத" என்று நாங்கள் கிளம்பும்போதும் அக்கா சொன்னாள்.

அந்த மாமனார் வேறு யாரும் இல்லை, சின்னம்மா புருஷனுடைய அண்ணன். ஒரே வளாகத்தில் இரண்டு வீடு. கல்யாணத்தைப் பேசி முடித்ததே சின்னம்மாதான். இரண்டு பக்கமும் சொந்தம் என்பதால்தான் இரண்டு பக்கமும் அவளை ஒத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்து சொல்ல அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

வழி இதுதான். சாந்திபுரத்தில் காலை ஐந்தரைக்குப் பலமனேர் போகும் சாதாரண பஸ், இருபத்தெட்டு ரூபாய். பலமனேரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு எக்ஸ்பிரஸ், எழுபத்தெட்டு ரூபாய், நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மொகிலி மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் பலமனேரில் எதுவும் சாப்பிடாமல் ஏறுங்கள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அவஸ்தைப்பட்டேன். சித்தூரில் பத்து நிமிடம் நிற்கும். காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் பாதி பஸ் இறங்கிவிடும், அதன் பிறகு ஜன்னல் சீட் கிடைக்கும். பதினோரு மணிக்குத் திருப்பதி.

பயிற்சி நடந்த கட்டிடம் ரேணிகுண்டா ரோட்டில் உள்ளே தள்ளி இருந்தது. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"தர்சனமாம்மா? ரூமு வேணுமா?"

"தர்சனம் இல்ல நைனா, டிரைனிங்கு. புருஷன் பொண்டாட்டி சண்டைய தீத்து வெக்கற டிரைனிங்கு" என்றாள் சின்னம்மா.

"அட, எங்க ஊட்டுக்கும் ஒரு நாளு வந்துட்டுப் போயேன்."

"மொதல்ல உம் பொண்டாட்டிய கேக்கணும். அவ வரச் சொன்னாதான் வருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பயணத்தில் சின்னம்மா கலகலப்பாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

முதல் நாள் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து ஓர் உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். இந்த அறையில் கேட்பது எதுவும் வெளியே போகாது, வழக்குக்காரர்கள் சொன்னதை அவர்கள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது அதன் சாரம். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்திய வக்கீல் மேடம், "மொழிபெயர்க்கும் பெண்ணும்தான்" என்று என்னையும் எழுப்பினார். முப்பது பேர் நடுவில் நின்று சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னையும் ஓர் ஆளாக யாரோ கணக்கில் எடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானம் காது கொடுத்துக் கேட்கும் பயிற்சி. ஒருவர் தன் குறையைச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் எதையும் சேர்க்காமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னம்மாவுக்கு ஜோடியாக வந்தவர் தேவகி அக்கா. காணிப்பாக்கம் கோயில் தெருவில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர், தமிழ், தெலுங்கு இரண்டும் தண்ணீர் மாதிரி பேசுவார். பக்கத்துக் கடைக்காரர் தன் இடத்தில் இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டதைச் சொன்னார். சின்னம்மா அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் "ரெண்டடிதான, விட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்று சேர்த்தாள்.

"தோ பாரு மேடம், திருப்பிச் சொல்லச் சொன்னா தீர்ப்பு எழுதிக்கினு கீறா. மீதிக் கடையையும் நீயே வெச்சிக்கோடி" என்றார் தேவகி அக்கா. கூடமே சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் ஒழுக்க விதிகள். வழக்குக்காரர் வீட்டில் காப்பிகூடக் குடிக்காதே, இது நல்லது என்று உனக்குத் தோன்றுவதை அவர்கள் வாயில் திணிக்காதே, உனக்கு எந்தப் பக்கமாவது சம்பந்தம் இருந்தால் நீயே எழுந்து சொல்லி விலகிவிடு. நான் ஒவ்வொன்றாகச் சின்னம்மா காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு மேடம், கையில் இருக்கும் ஒரு வழக்கைப் பெயர் சொல்லாமல் ஒவ்வொருவரும் சொல்லுங்கள் என்றார். சின்னம்மா முறை வந்ததும் அவள் அக்காவின் வழக்கையே எடுத்தாள். அவள் தமிழில் சொல்ல, நான் தெலுங்கில் சொன்னேன்.

பொண்ணு உங்களுக்கு என்ன வேண்டும் என்று மேடம் கேட்டார். அக்கா பொண்ணு. பையன்? மூத்தார் மகன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அந்த மாமனார் உட்கார எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டார்.

சின்னம்மா பெருமையாகத்தான் சொன்னாள். "சும்மா வருவாரா மேடம்? மொதல்லயே வாக்கு குடுத்துட்டேன். கார்த்திகை முடியறதுக்குள்ள பொண்ண நானே கொண்டாந்து உடறேன்னு. அப்படிச் சொன்னாதான் பெரிய ஊட்டுக்காரங்க வந்து உக்காருவாங்க. அப்புறம் பொண்ணுகிட்ட மெதுவா பேசிக்கலாம்."

அதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டும். மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் தேவகி அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். என் கால் பக்கத்தில் யாருடைய குடையிலிருந்தோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தெலுங்கில் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை.

மேடம் கோபப்படவில்லை. "இப்படிச் செய்கிறவர்கள் இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வலுத்தவர்களுக்கு முதலில் வாக்குக் கொடுத்து அழைத்து வருவதுதான் எங்கள் ஊர்களில் பஞ்சாயத்து நடக்கும் முறை. மேடம் சின்னம்மாவிடம், "அப்படியென்றால் இது மத்தியஸ்தம் இல்லை அம்மா. எல்லாம் முடிந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் தெரியாது" என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் தட்டு கழுவும் குழாயடியில் மேடத்திடம் போய் நின்றேன். எனக்கு முன்னால் நான்கைந்து பேர் கழுவிவிட்டுப் போகும்வரை பேச வரவில்லை. கடைசியில், "மேடம், அந்தப் பெண் என் அக்கா" என்றேன்.

அவர் குழாயை மூடினார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். உறவு இருப்பதால் சின்னம்மாவை அந்த வழக்கிலிருந்து மாற்றுவது தன் வேலை, அதைச் செய்துவிடுவதாகச் சொன்னார். "ஆனால் கொடுத்த வாக்கைப் பற்றி உன் அக்காவிடம் அவரேதான் சொல்ல வேண்டும். நீ இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது."

"சின்னம்மா சொல்லாவிட்டால்?"

"உன் நிலைமை கஷ்டம்தான். தெரிகிறது" என்றார். மறுபடி குழாயைத் திறந்து தட்டைக் கழுவினார்.

மூன்றாம் நாள் மத்தியானமே பயிற்சி முடிந்துவிட்டது. திருப்பதி வந்துவிட்டு மலைக்குப் போகாமல் திரும்புவதா என்று தேவகி அக்கா எவ்வளவோ சொன்னார். சின்னம்மா "மனசு செரியில்ல" என்று பஸ் ஏறிவிட்டாள். ஏழு மலையும் மேகத்துக்குள் இருந்தன, ஒன்றுமே தெரியவில்லை. சித்தூர் பஸ் நிலையத்தில் பலமனேர் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் மாத்திச் சொல்லியிருந்தா இன்னாடி?"

"தேவகி அக்காவுக்குத் தமிழ் தெரியும் சின்னம்மா."

"அவளுக்கு பயந்துக்கினுதான் சொன்னியா?"

பலமனேர் வண்டி வருகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள். "நான் அந்த ஊட்டு வளாகத்துலதான் துன்னணும், படுக்கணும். உங்க அக்கா வந்துட்டா. நான் எங்க போறது?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஓடி வந்தாள். சின்னம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "நான் உக்கார மாட்டேன். சொந்தக்காரங்க உக்காரக் கூடாதாம், ரூல்ஸு. வேற ஆளு வருவாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா எனக்கு யாரு கீறாங்க? எதுக்குத்தான் இந்த டிரைனிங்குக்குப் போனீங்க?" என்று என்னையும் சேர்த்துக் கேட்டாள். சின்னம்மா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மழையில் போய்விட்டாள். நான் ஈரத் துணிகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டேன்.

மையத்தில் மதனபள்ளிப் பக்கத்து மத்தியஸ்தர்கள் இருவர் உட்கார்ந்தார்கள், தெலுங்கர்கள். அக்காவுக்குத் தெலுங்கு வராது. தமிழ் சொல்ல வேறு ஊர்ப் பெண் ஒருத்தியை வைத்தார்கள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். மூன்று தடவை உட்கார்ந்த பிறகு, குழந்தை எங்கள் அம்மாவிடம் இருக்கும், அக்கா வேலைக்குப் போவாள், மற்றதெல்லாம் அவள் புருஷன் குவைத்திலிருந்து வந்த பிறகு என்று முடிந்தது. மூத்தார் வீட்டில் சின்னம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் சின்னம்மாமேல் இருந்த பாசம் குறையவில்லை. "நீ உக்காந்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்ப" என்று பெங்களூரிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த போனை சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான்.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தபோது, அதற்கு மேல் தாங்காமல் சின்னம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீயும் அந்த ஊட்லதான மாட்டிக்கினு கீற" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. இதை எழுதலாமா என்று அம்மா மூலமாகத்தான் கேட்டேன். "எழுதிக்கட்டும்" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டாள்.

போகிறவர்கள் கவனத்துக்கு. தங்கும் இடம் இலவசம், ஆனால் போர்வையும் தட்டும் கொண்டுபோக வேண்டும். ஐப்பசியில் தரை ஈரமாக இருக்கும், பாயும் வேண்டும். இரண்டு வேளைச் சாப்பாடு அவர்களே போடுகிறார்கள், காரம் அதிகம். திரும்பும்போது மூன்று மணிக்கு முன்னால் திருப்பதியில் பஸ் ஏறிவிட்டால்தான் பலமனேரில் சாந்திபுரத்துக்குக் கடைசி வண்டி கிடைக்கும். கையில் இருக்கும் வழக்குகளில் யார் யார் உங்களுக்கு என்ன உறவு என்று போவதற்கு முன்பே யோசித்து வையுங்கள், அங்கே எழுந்து நின்று யோசிக்க முடியாது. தெலுங்கு புரியாதவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே அவர்களிடம் சொன்னால் அவர்களே ஆள் வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இந்த ஐப்பசிப் பயிற்சிக்கு மேடம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நகரி பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்க. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா குழந்தையைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்களுக்கு நடுவில் வருகிறது. நான் வீட்டில் இருந்தால் அவள் மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிடுவாள். நான் இல்லையென்றால் சாயங்காலம் வரை இருப்பாள் என்று அம்மா சொன்னாள்.