திருக்கழுக்குன்றம் ரோட்டில் விஜயா டீச்சர்

விடியற்காலை ரோட்டில் ஈரமான புளிய இலை வாசனை... அதோடு சைக்கிள் செயினுக்குப் போட்ட எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

செங்கல்பட்டில் பாஸ்கர் அண்ணன் என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். சுகர் வந்து, டாக்டர் நடக்கச் சொன்னதற்கு இவர் சைக்கிள் வாங்கினார். தனியாகப் போக போரடித்ததால் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார். அதுவே ஒரு சைக்கிள் கிளப் ஆகிவிட்டது. டீ ஷர்ட் கிடையாது, ஹெல்மெட் என்ற பேச்சே கிடையாது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், கொஞ்ச நேரம் கடல், இட்லி, திரும்ப வீடு. அவ்வளவுதான்.

கூட்டம் சேரச் சேர அவரால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. முன்னால் போகிறவருக்குப் பின்னால் பஞ்சர் ஆனது தெரியாதே.

"யாராச்சும் கடைசில வர்றீங்களாப்பா? ஒரு ஆளையும் தனியா வுட்டுட்டு வரக்கூடாது" என்று கேட்டார்.

நான் கை தூக்கினேன். அப்போது பொத்தேரி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாத வயசு. பம்ப், பஞ்சர் டப்பா, தண்ணீர் பாட்டிலோடு கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது என் பொறுப்பு ஆனது.

கடைசி ஆள் எப்போதும் விஜயா டீச்சர்தான். கணக்கு டீச்சர். நாற்பது வயசுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டவர். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். நானும் இறங்கிவிடுவேன்.

"ஸ்கூல்ல பசங்க சிரிக்கிறானுங்கப்பா. சிரிச்சிட்டுப் போகட்டும். நான் மகாபலிபுரம் வரைக்கும் மிதிச்சேன்னா அவனுங்களால நம்பவே முடியல."

அந்த ஞாயிறும் அப்படிப் பேசிக்கொண்டுதான் வந்தார். அவர் வீட்டுக்காரர் தண்டபாணி அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார்.

"ஒரு நாளாவது நான் திரும்பறதுக்குள்ள எழுந்து காபி போட்டு வெச்சாருன்னா ஊருக்கே ஸ்வீட் குடுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவு. ரோடு அங்கே ரொம்பக் குறுகல். எதிரே ஒரு டூரிஸ்ட் வேன், தனக்கு முன்னால் வந்த பஸ்ஸை ஓவர்டேக் எடுத்து நேராக எங்கள் பக்கம் வந்தது. நான் கத்தினேன். டீச்சர் ஹேண்டில்பாரைத் திருப்புவதற்குள் வேன் அவரை இடித்துத் தள்ளிவிட்டது.

வேன் நிற்கவில்லை. நம்பர் பார்க்கத் தோன்றவில்லை யாருக்கும்.

பின்னாலேயே மீன் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு சந்தைக்குப் போகும் லோடு ஆட்டோ ஒன்று வந்தது. அதில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்மணி வண்டி நிற்பதற்குள் குதித்து டிரைவரை அதட்டினார்.

"இன்னா பாத்துகினு கீற? கூடையெல்லாம் எறக்கு மொதல்ல! பொம்பள உசுருப்பா!"

அவருடைய ஒரு நாள் பிழைப்பு மொத்தமும் ரோட்டோரம் வெயிலில் கிடந்தது. டீச்சரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அந்த அம்மா தன் மடியில் தலையை வைத்துக்கொண்டார். கீழே ஐஸ் தண்ணீர்... மீன் செதில்... நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பே கை கனத்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். தன் முந்தானையால் டீச்சரின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கேஸ் போட்டார்கள். வேன் கடைசிவரை கிடைக்கவில்லை.

பாஸ்கர் அண்ணன் காரியம் முடிந்த கையோடு சைக்கிளை மாடியில் ஏற்றிப் போர்த்திவிட்டார். "நான்தானே எல்லாரையும் கூப்டேன்" என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை. கிளப் அதோடு சரி என்று எல்லோருமே நினைத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, தண்டபாணி அண்ணன் என் ரூம் வாசலில் நின்றார். யாருடைய சைக்கிளையோ வாங்கி வந்திருந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டேன்.

"எந்த எடம்னு காட்டுப்பா. சைக்கிள்லயே போலாம். அவ எப்டி போனாளோ அப்டியே."

அவருக்கு ஓட்டிப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. மேட்டில் இறங்கித் தள்ளினார். வளைவில் நின்று, "இங்கதாண்ணே" என்றேன். அங்கே எதுவும் இல்லை. கொஞ்சம் கண்ணாடித் தூள் மட்டும் மண்ணில் மின்னியது.

"வலிச்சுதா அவளுக்கு?"

"அவங்களுக்கு நினைவே இல்லண்ணே."

"கடைசியா இன்னா பேசினா?"

மறைக்க மனசு வரவில்லை. காபி பற்றிச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் ரோட்டோர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு தூக்கம் வர்லப்பா... எழுந்து போட்டேன். மூடி வெச்சிகினு வாசல்லயே உக்காந்துனு இருந்தேன்."

பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் புழுதி எழுந்து எங்கள் மேல் அடங்கியது. அவர் அழுது முடிக்கும் வரை இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் மூன்று நான்கு பேர் மட்டும் போய்வந்தோம். தண்டபாணி அண்ணனும் வருவார். யாரும் முன்னால் போக விரும்பாததால் சேர்ந்தே போவோம். பிறகு எனக்கு பெங்களூர் டிரான்ஸ்பர்... ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

போன மாசம் காரில் அந்தப் பக்கம் போனேன். புளியமரங்கள் இல்லை. ரோடு அகலமாகி நடுவில் தடுப்புச் சுவர் வந்துவிட்டது. கலர் கலராக ஜெர்சி போட்டு, ஹெல்மெட்டில் லைட் மினுங்க, ஒரு கூட்டம் சைக்கிளில் கடந்து போனது. அந்த வளைவு எதுவென்று எனக்கே தெரியவில்லை. வளைவையே நேராக்கிவிட்டார்கள்.

தண்டபாணி அண்ணன் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். போன் போட்டு, ரோடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.



"அப்பவே போட்டிருக்கலாம்ல" என்றார்.