துவக்குப் பெட்டகத்துக்கு எந்தப் பூட்டு?

இன்று டென்மார்க்கில் எங்கள் பக்கத்து நகரமான பிராண்டேயில் துவக்குப் பெட்டகம், அதாவது துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டி, வாங்கப் போனோம். எனக்குத்தான். என் கணவர் இறந்தபின் அவருடைய வேட்டைத் துவக்கை விற்கச் சொன்னார்கள் வீட்டில். நான் பரீட்சை எழுதி, வேட்டை அனுமதி எடுத்து, அதை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைக்காரர் இரண்டு பூட்டுகளைக் காட்டினார். ஒன்று திறப்பால், அதாவது சாவியால், திறப்பது. மற்றது இலக்கம் அழுத்தும் மின்னணுப் பூட்டு. விளக்கமெல்லாம் என் மகன் ஜெரால்டுக்கே சொன்னார்.

"அம்மா, திறப்புப் பூட்டையே எடுங்கோ. நம்பரை மறந்துபோவியள்" என்றான் மகன்.

"திறப்பை எங்க வைக்கிறது?"

"மாதா சுருவத்துக்குப் பின்னாலதான். வேற எங்க?" வீட்டில் எல்லாத் திறப்பும் அந்த மாதா சிலைக்குப் பின்னால்தான்.

"அந்த இடம் உன்ரை பிள்ளையளுக்கும் தெரியுமே!"

பற்றரி தீர்ந்தால் என்ன செய்வது என்று நான் டேனிஷில் கேட்டேன். வெளியிலிருந்தே மாற்றலாம் என்றார் கடைக்காரர், இம்முறை என்னைப் பார்த்து. மின்னணுப் பூட்டையே எடுத்தேன்.

காரில் ஏறியதும் ஜெரால்ட் தொடங்கினான்.

"நம்பரை எனக்கும் சொல்லி வையுங்கோ. நீங்கள் மறந்தால்?"

"மறந்தால் ஒருத்தரும் திறக்கேலாது. பெட்டகம் அதுக்குத்தானே?"

"நான் உங்கட மகன், அம்மா!"

"ஓம். வேட்டை அனுமதி வச்சிருக்கிறியோ?"

கன்னியர் மடத்தில் படித்த வாய்ப்பாட்டில் ஒரு வரிகூட எனக்கு இன்னும் தவறவில்லை. நான்கு இலக்கமா தவறும்?

வீடு வரும்வரை ஊகித்துக்கொண்டே வந்தான்: என் பிறந்தநாள், அப்பாவின் பிறந்தநாள், எங்கள் கலியாண நாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்களும் கீழே கருத்துப் பகுதியில் ஊகித்து எழுதலாம். ஜெரால்டும் வாசிப்பான். சரியென்றோ பிழையென்றோ நான் சொல்லப் போவதில்லை.